பத்தைத் தாண்டினால் விரல், 7×8-க்கு ஓரேழிலிருந்து ஓட்டம்: எந்தக் கணக்குக்கு எந்த விளையாட்டு?

கேள்வி: மூணாங்கிளாஸ்_அம்மா

வணக்கம். மகள் மூன்றாம் வகுப்பு. மூன்று இடத்தில் மாட்டிக்கொள்கிறாள்.

ஒன்று, கூட்டல் பத்தைத் தாண்டினால் விரலை மடக்குகிறாள். 6+3 சட்டென்று வரும், 8+5 வராது. இரண்டாவது, 52-17 கொடுத்தால் 45 என்று எழுதுகிறாள். "கடன் வாங்கணும்" என்று சொல்லிக்கொடுத்த பிறகு, வாங்கவே தேவையில்லாத 58-17-லும் வாங்குகிறாள். மூன்றாவது, ஏழாம் வாய்ப்பாட்டை முழுசாக ஒப்பிப்பாள். நடுவில் 7×8 எவ்வளவு என்று கேட்டால் ஓரேழு ஏழிலிருந்து ஆரம்பித்துத்தான் வருகிறாள்.

ஆப் வேண்டாம். போனைக் கொடுத்தால் திரும்ப வாங்குவது தனி வேலை. வீட்டில் பல்லாங்குழி, தாயக்கட்டை, பரமபதம், பகடை, ஒரு சீட்டுக்கட்டு இருக்கிறது. ஒரு நாளைக்கு 20 நிமிஷம் உட்கார முடியும். ஐந்து வயது தம்பியும் கூடவே வந்து உட்காருவான், அவனை விரட்ட முடியாது. எதை எதற்கு எடுப்பது?


பதில் 1: ஈர்க்குச்சி

"கணக்கு வரவில்லை" என்று மொத்தமாகக் கேட்காமல் தப்பையே எழுதிவிட்டீர்கள், அதனால் பதில் சொல்வது சுலபம். முதல் இரண்டுக்கு நான் எழுதுகிறேன். வாய்ப்பாட்டுக்கு இங்கே வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

8+5-க்குப் பகடை உதவாது. இரண்டு பகடையை உருட்டிக் கூட்டச் சொல்வதுதான் எல்லோரும் செய்வது. இரண்டு பகடை விழக்கூடிய 36 விதத்தில் பத்தைத் தாண்டுவது மூன்றே மூன்று: 5-6, 6-5, 6-6. பன்னிரண்டு முறை உருட்டினால் ஒரு முறைதான் அவளுக்கு வராத கணக்கு வரும். மீதி நேரமெல்லாம் ஏற்கெனவே தெரிந்ததையே செய்துகொண்டிருப்பாள்.

சீட்டுக்கட்டிலிருந்து 6, 7, 8, 9 மட்டும் பொறுக்குங்கள். நாலு ஜாதியிலும் சேர்த்து 16 சீட்டு. எந்த இரண்டை எடுத்தாலும் பத்தைத் தாண்டியே ஆகணும். வீட்டுப் பெரியவர்களுக்குச் சீட்டு பிடிக்காது என்றால் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டி எண்ணை எழுதிக்கொள்ளலாம்.

இதோடு ஒரு முட்டை அட்டை வேண்டும். 30 முட்டை வைக்கிற அட்டையில் வரிசைக்கு 5 குழி, ஆறு வரிசை. இரண்டிரண்டு வரிசையாக வெட்டினால் பத்துக் குழி உள்ள துண்டு மூன்று கிடைக்கும். அதில் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். 8-ம் 6-ம் எடுத்தால் ஒரு துண்டில் 8 புளியங்கொட்டை, இன்னொன்றில் 6. இரண்டு குழி காலியாக இருப்பது கண்ணுக்குத் தெரியும். ஆறிலிருந்து இரண்டை எடுத்து அங்கே போட்டால் ஒரு துண்டு நிரம்பிவிடும், மீதி நாலு. "பத்தும் நாலும் பதினாலு" என்று வாய்விட்டுச் சொன்னால்தான் சீட்டு அவளுக்கு. தமிழில் இதைச் சொல்ல வைப்பது லாபம், பதினாலு என்கிற பேரிலேயே பத்து முன்னால் நிற்கிறது. ஃபோர்ட்டீன் என்பதில் நாலு முன்னால் வருவதால் 41 என்று எழுதுகிற பிள்ளைகள் உண்டு.

16 சீட்டு என்றால் எட்டு முறை எடுக்கலாம், ஐந்து நிமிஷத்தில் ஒரு ஆட்டம் முடியும். முதல் நாலைந்து நாள் கொட்டையோடு. அப்புறம் கொட்டை இல்லாமல் வெறும் அட்டையைப் பார்த்துச் சொல்லணும். பிறகு அட்டையையும் எடுத்துவிடுங்கள். நடுப்படியைச் செய்யாமல் விட்டால் அட்டை போன அன்றே விரல் திரும்பி வந்துவிடும்.

இனிக் கழித்தல். கடன் என்கிற சொல்லே கோளாறு. கடன் வாங்கினால் திருப்பிக் கொடுக்கணும், இங்கே யாரும் எதையும் திருப்பித் தருவதில்லை. "கட்டைப் பிரி" என்று சொல்லுங்கள், அதுதான் உண்மையில் நடப்பது.

விளக்குமாற்று ஈர்க்குச்சியை விரல் நீளத்துக்கு ஒடித்து, பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டு ஆளுக்கு ஐந்து கட்டு. (கூர்முனையை வெட்டிவிடுங்கள். சின்னவன் இருக்கிறான், அவன் கைக்கு ஐஸ் குச்சியே போதும்.) இங்கே பகடை சரி. இரண்டையும் உருட்டி, விழுந்த எண்ணிக்கையைத் தன் குவியலிலிருந்து எடுத்து நடுவில் போடணும். யார் குவியல் முதலில் காலியாகிறதோ அவர் ஜெயித்தார். சராசரியாக ஒரு உருட்டுக்கு ஏழு விழும் என்பதால் ஏழெட்டு உருட்டில் முடிந்துவிடும்.

கையில் 4 கட்டு, 3 உதிரி, அதாவது 43 இருக்கிறது, 8 விழுகிறது என்று வையுங்கள். மூன்று உதிரியில் எட்டு எடுக்க முடியாது. ஒரு கட்டைப் பிரித்தால் 3 கட்டு, 13 உதிரி. எட்டைப் போட்டால் 35. குச்சியைத் தொட்ட அதே நேரத்தில் நோட்டில் 4-ஐ அடித்து 3, 3-க்குப் பதில் 13 என்று எழுதணும். குச்சி முடிந்த பிறகு சேர்த்து எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் இரண்டும் தனித்தனி வேலையாகிவிடும். குச்சியில் சரியாக வரும், நோட்டில் அதே 45 வரும்.

58-17-லும் பிரிக்கிறாள் என்றீர்களே, அதற்கு ஒரே ஒரு விதி: உதிரியே போதுமானதாக இருக்கும்போது கட்டைப் பிரித்தால் அது வீண் பிரிப்பு, எதிராளி கண்டுபிடித்துச் சொன்னால் அந்த முறை போச்சு. நீங்களே இரண்டு மூன்று தடவை வேண்டுமென்றே வீணாகப் பிரியுங்கள். பிடிக்கிற ஆசையில் "உதிரி போதுமா" என்று ஒவ்வொரு தடவையும் பார்க்க ஆரம்பிப்பாள், அந்தப் பார்வைதான் இப்போது அவளிடம் இல்லாதது.

பள்ளியில் ஆணிமணிச் சட்டம் (அபாகஸ்) பார்த்திருப்பாள். அதில் பத்து என்பது ஒற்றை மணி, உள்ளே பத்து இருப்பது தெரியாது. இந்தத் தப்புக்குக் குச்சிக்கட்டுதான் மருந்து. 50 பழகின பிறகு பத்துக் கட்டைச் சேர்த்துக் கட்டி 100-லிருந்து தொடங்குங்கள். முதல் உருட்டிலேயே 7 விழுந்தால் பெரிய கட்டு, சின்னக் கட்டு என்று இரண்டு தடவை பிரிக்கணும். நடுவில் பூஜ்யம் வருகிற கழித்தலெல்லாம் இதுதான்.


பதில் 2: கட்டமும்_பகடையும்

வாய்ப்பாட்டுக்கு வருகிறேன். ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு என்று ராகத்தோடு படித்தது தப்பில்லை. ஆனால் அது சங்கிலி, நடுக்கண்ணியை மட்டும் தனியாகப் பிடித்து இழுக்க முடியாது. வரிசையைக் குலைக்கிற விளையாட்டு வேண்டும்.

முதலில் எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள், பயம் குறையும். பத்தாம் வாய்ப்பாடு வரை 100 பெருக்கல். 7×8-ம் 8×7-ம் ஒன்றே என்று பிடித்துவிட்டால் 55. அதில் 1, 2, 5, 10 வருவதைத் தள்ளினால் 21 மட்டும். 4 என்பது இரண்டு தடவை இரட்டித்தால் வந்துவிடும். 9-க்குப் பத்தால் பெருக்கி அதே எண்ணை ஒரு முறை குறைக்கலாம் (9×7 = 70-7). 3 எப்படியும் பழகிவிடும். உண்மையிலேயே முரண்டு பிடிப்பது ஆறுதான்: 6×6, 6×7, 6×8, 7×7, 7×8, 8×8.

கடையில் விற்கிற பெருக்கல் தம்போலாவோ சாதாரணப் பகடையோ இந்த ஆறைக் குறிபார்ப்பதில்லை. சாதாரணப் பகடையில் 7, 8, 9 கிடையவே கிடையாது. அதனால் இரண்டு பகடையிலும் ஆறு பக்கத்துக்கும் சின்னச் சின்னக் காகிதம் ஒட்டி 3, 4, 6, 7, 8, 9 என்று எழுதுங்கள். 6-ம் 9-ம் தலைகீழாகக் குழப்பும், அடியில் கோடு போட்டுவிடுங்கள். பெரிய பகடை வாங்கினால் ஒட்டுவது சுலபம். ஃபெவிகால் காயாமல் உருட்டினால் காகிதம் உரிந்து வந்துவிடும், ராத்திரி ஒட்டி மறுநாள் எடுங்கள்.

இந்த இரண்டு பகடையைப் பெருக்கினால் வரக்கூடிய விடைகள் மொத்தம் 19: 9, 12, 16, 18, 21, 24, 27, 28, 32, 36, 42, 48, 49, 54, 56, 63, 64, 72, 81. ஐந்துக்கு ஐந்து கட்டம் போட்டால் 25 இடம். பத்தொன்பதையும் தாறுமாறாக எழுதி, மீதி ஆறு இடத்தில் 24, 36, 42, 48, 56, 63-ஐ இன்னொரு முறை எழுதுங்கள். வரிசையாக எழுதினால் "எட்டாம் வாய்ப்பாடு இந்தப் பக்கம்" என்று இடத்தை மனப்பாடம் செய்துவிடுவாள். உருட்டி, பெருக்கி, அந்த விடை உள்ள ஏதாவது ஒரு கட்டத்தில் தன் காயை வைக்கணும். பாசிப்பயறு ஒருவருக்கு, துவரை இன்னொருவருக்கு என்று வைத்துக்கொள்ளலாம். நேராகவோ குறுக்காகவோ நாலு சேர்ந்தால் வெற்றி.

அவள் பத்துப் பதினைந்து ஆட்டம் ஆடிய பிறகு ஒன்றைக் கேளுங்கள்: 24 ஏன் அடிக்கடி வருகிறது, 49 ஏன் வருவதே இல்லை? 24-க்கு 3×8, 8×3, 4×6, 6×4 என்று நாலு வழி. 49-க்கு இரண்டிலும் ஏழு விழுந்தால்தான் உண்டு, 36-ல் ஒன்று. அப்புறம் காய் வைக்கிற இடத்தையே யோசித்து வைக்க ஆரம்பிப்பாள்.

7×8-ல் திணறும்போது ஓரேழுக்குப் போக விடாதீர்கள், விடையையும் சொல்லாதீர்கள். கட்டம் போட்ட கணக்கு நோட்டில் 7 வரிசை, வரிசைக்கு 8 கட்டம் சுற்றிக் கோடு போட்டு, ஐந்தாவது வரிசைக்குக் கீழே ஒரு கோடு. மேலே 5×8 நாற்பது, கீழே 2×8 பதினாறு, ஐம்பத்தாறு. இரண்டுமே அவளுக்குத் தெரிந்த வாய்ப்பாடு. படம் போட்டால் அந்த முறை செல்லும் என்று விதி வைத்துக்கொள்ளுங்கள், ஆறேழு தடவைக்குப் பிறகு படம் போடச் சோம்பல் வந்துவிடும், அந்தச் சோம்பல் நமக்கு வேண்டியதுதான்.

கடிகாரம் வைக்காதீர்கள். நேரம் பார்த்தால் சங்கிலியை இன்னும் வேகமாக ஓட்டப் பழகுவாளே தவிர சங்கிலியை விடமாட்டாள்.


பதில் 3: பசுவும்_சோழியும்

பல்லாங்குழி வீட்டிலேயே இருக்கிறது என்கிறார், இரண்டு பேரும் முட்டை அட்டை வெட்டு, பகடையில் காகிதம் ஒட்டு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள்!

ஆனால் சும்மா ஆடினால் பல்லாங்குழியில் கணக்கு ரொம்பக் குறைவு என்பதையும் சொல்லணும். ஒவ்வொரு குழியில் ஒவ்வொரு காய் போட்டுக்கொண்டே போவது எண்ணுவதுகூட இல்லை, கை தானாகப் போகும். மூன்று இடத்தில் கணக்கை வெளியே கொண்டுவரலாம்.

குழிகளுக்குச் சாக்பீஸால் 1 முதல் 14 வரை, போடுகிற திசையிலேயே எண் போடுங்கள். காயை எடுப்பதற்கு முன்னால் "கடைசிக் காய் எந்தக் குழியில்?" என்று சொல்லணும். 4-ஆம் குழியில் 5 காய் என்றால் 9. 11-ஆம் குழியில் 6 காய் என்றால் 17, குழியே 14 தான், 14 போக 3. சொன்னது சரியாக இருந்தால்தான் தொடர்ந்து ஆடலாம். பத்தைத் தாண்டுகிற கூட்டல், உடனே ஒரு கழித்தல், இரண்டும் இதிலேயே இருக்கிறது.

இரண்டாவது, பசு. குழியில் நாலு சேர்ந்ததும் எடுக்கிற விதியில் ஆடினால், மூன்று இருக்கிற குழிகளை எண்ணாமல் பார்வையிலேயே பிடிக்கணும். இது தம்பிக்கு நல்ல வேலை. அக்கா ஆடட்டும், "பசு!" என்று கத்துவது அவன் பொறுப்பு. (பசு யாருக்கு, காலிக் குழிக்கு அடுத்ததை வழித்த பிறகு ஆட்டம் தொடருமா என்பதெல்லாம் வீட்டுக்கு வீடு மாறும். தொடங்கும் முன் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள்.)

மூன்றாவதுதான் விசேஷம், அதை யாரும் கவனிப்பதில்லை. முதல் ஆட்டம் முடிந்து அடுத்ததற்குக் குழி நிரப்புவதே மீதியோடு கூடிய வகுத்தல். குழிக்கு 5 என்றால் மொத்தம் 70 காய். அவளிடம் 33 இருக்கிறது. போட்டுப் பார்க்காமல் சொல்லணும்: ஆறு குழி நிரம்பும், மூன்று மிச்சம், ஒரு குழி இந்த ஆட்டத்துக்கு இல்லை. உங்களிடம் எத்தனை? 70-33, 37. ஏழு குழியும் நிரம்பி இரண்டு மிச்சம். வாய்ப்பாட்டை மாற்ற வேண்டுமா, குழிக்கு 6 போட்டு 84 காயோடு ஆடுங்கள், ஆறாம் வாய்ப்பாடு. 7 போட்டால் 98. சோழி போதாது என்றால் புளியங்கொட்டை.

தாயக்கட்டைக்குச் சுருக்கமாக. ஒரு கட்டைக்கு 0, 1, 2, 3. கூட்டல் ஆறைத் தாண்டாது (இரண்டும் பூஜ்யமாக விழுந்தால் மட்டும் 12 என்று கணக்கு), மூன்றாம் வகுப்புக்கு அது போதாது. ஆனால் 1, 5, 6, 12 விழுந்தால் மறுபடி போடலாம் என்கிற விதியில் தாயம், ஆறு, ஆறு, மூன்று என்று சேரும்போது எந்தக் காய்க்கு எதைக் கொடுப்பது என்று பிரிப்பதில் நல்ல வேலை இருக்கிறது. அவள் ஆறாவது ஏழாவது போகும்போது, தாயம் ஏன் விழமாட்டேன் என்கிறது என்று கேட்டால் 16 விதத்தையும் எழுத வையுங்கள்: தாயத்துக்கு இரண்டு, மூன்றுக்கு நாலு, பன்னிரண்டுக்கு ஒன்றே ஒன்று.


கேள்வி கேட்டவர்: மூணாங்கிளாஸ்_அம்மா

எல்லோருக்கும் நன்றி. நாலு நாளாக 6-7-8-9 சீட்டும் முட்டை அட்டையும் போய்க்கொண்டிருக்கிறது. இரண்டு சந்தேகம். அட்டை முன்னால் இருந்தும் மேசைக்கு அடியில் விரலை மடக்குகிறாள், தடுக்கலாமா? அப்புறம் மூன்று ஆட்டம் தொடர்ந்து தோற்றால் சீட்டைத் தூக்கிப் போட்டுவிடுகிறாள். நான் வேண்டுமென்றே தோற்றால் கண்டுபிடித்துவிடுகிறாள்.


பதில் 4: ஈர்க்குச்சி

தடுக்காதீர்கள். தடுத்தால் மேசைக்கு அடியிலிருந்து பாவாடைக்குள் போகும், அவ்வளவுதான். எப்படி மடக்குகிறாள் என்று பாருங்கள். 8+6-க்கு ஒன்றிலிருந்து பதினாலு வரை எண்ணுகிறாளா, "எட்டு" என்று மனசில் வைத்து ஒன்பது, பத்து என்று மேலே போகிறாளா? முதலாவது என்றால் அட்டைக்கு முன்னால் ஒரு படி விட்டுப்போயிருக்கிறது. ஒரு சீட்டை நீங்கள் பிடித்து "எட்டு" என்று சொல்லுங்கள், அவள் அடுத்த எண்ணிலிருந்து தொடரட்டும். இரண்டாவது என்றால் கவலை இல்லை, பத்தின் ஜோடி இன்னும் பழகவில்லை என்று அர்த்தம்.

ஜோடிக்குத் தனியாக ஒரு ஆட்டம். இரண்டு ஜாதியில் 1 முதல் 9 வரை 18 சீட்டு, எல்லாம் முகம் மேலே. 1-9, 2-8, 3-7, 4-6, 5-5 என்று பத்தாகிற ஜோடியை மாறி மாறி எடுப்பது. மிச்சமில்லாமல் ஒன்பது ஜோடி வரணும், ஏதாவது மிஞ்சினால் எங்கோ தப்பு. இரண்டு நாளில் சலித்துவிடும், அப்போது கவிழ்த்து வைத்து ஞாபகத்தில் எடுக்கிற ஆட்டமாக மாற்றுங்கள். பத்துச் சீட்டைக் கட்டிலிருந்து எடுத்துவிட மறக்காதீர்கள், அதற்கு ஜோடி கிடையாது.

தோல்விக்கு: நடிக்க வேண்டாம், விதியை மாற்றுங்கள். ஈர்க்குச்சி ஆட்டத்தில் நீங்கள் 70-லிருந்து, அவள் 50-லிருந்து. பெருக்கல் கட்டத்தில் உங்களுக்கு நாலு சேரணும், அவளுக்கு மூன்று போதும். இதை முன்கூட்டியே வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் ஏமாற்றுவது ஆகாது. அவள் தொடர்ந்து ஜெயித்தால் 70-ஐ 65 ஆக்குங்கள். இல்லையென்றால் இரண்டு பேரும் ஒரே பக்கம், 16 சீட்டையும் தப்பில்லாமல் முடிக்க முடிகிறதா என்று ஆடலாம்.

அவள் யோசிக்கும்போது தம்பி முந்திக்கொண்டு எதையாவது கத்துவான், அதுவும் இந்தக் கோபத்தில் பாதி. அவனுக்கு வேறு வேலை கொடுங்கள், கொட்டை விநியோகம் மாதிரி.


பதில் 5: ஒன்றிலிருந்து_நூறு

தம்பியைப் பற்றி யாரும் முழுசாகச் சொல்லவில்லையே. ஐந்து வயதுக்குப் பரமபதம் போதும், ஆனால் காயை நகர்த்துகிற விதத்தில் ஒன்றை மாற்றணும்.

காய் 23-ல் இருக்கிறது, நாலு விழுந்தது. எல்லாக் குழந்தையும் "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு" என்று நகர்த்தும். அப்படி இல்லாமல் கட்டத்தில் இருப்பதைப் படிக்க வையுங்கள்: இருபத்துநாலு, இருபத்தஞ்சு, இருபத்தாறு, இருபத்தேழு. ராபர்ட் சீக்லர், கீதா ரமணி என்கிற உளவியல் ஆய்வாளர்கள் இரண்டு பேரும் 2008-ல் வெளியிட்ட ஆய்வில் இப்படித்தான் ஆட வைத்தார்கள். 1 முதல் 10 வரை நேர்வரிசையில் கட்டம், ஒன்றும் இரண்டும் மட்டும் விழுகிற சுழலி, கால் மணி நேரம் வீதம் நாலு தடவை. அதற்கே பள்ளிக்கு முந்தைய வயதுக் குழந்தைகளுக்கு எது பெரிய எண் என்பது தெளிவாகியிருக்கிறது. எண் இல்லாமல் நிறக் கட்டத்தில் ஆடியவர்களுக்கு அந்தப் பலன் வரவில்லை.

கடைப் பரமபதத்தில் இரண்டு சங்கடம். 10 வரை இடமிருந்து வலம் போய், 11 அதற்கு நேர் மேலே தொடங்கி வலமிருந்து இடம் திரும்பும். சின்னப் பிள்ளை திருப்பத்தில் எதிர்ப்பக்கம் நகர்த்திவிடும். ஒரு சார்ட் அட்டையில் 10×10 கட்டம் வரைந்து எல்லா வரிசையையும் இடப்பக்கத்திலிருந்தே தொடங்குங்கள், 1 கீழே, 100 மேலே. அப்போது 7-க்கு மேலே 17, அதற்கு மேலே 27. ஒரு கட்டம் மேலே ஏறினால் பத்து கூடுகிறது என்பது அக்காவுக்கும் பயன்படும். 36+20 கேட்டால் இரண்டு கட்டம் ஏறுவாள். இரண்டாவது சங்கடம் பாம்பு. 98-ல் கடித்து 20-க்கு வந்தால் அவன் அழுவான், ஆட்டமும் முடியாது. முதலில் நாலு சின்னப் பாம்பு, நாலு சின்ன ஏணி, எதுவும் இருபதுக்கு மேல் தாண்டாமல் போதும்.

89-க்கு அடுத்ததில் கொஞ்சம் நில்லுங்கள். இருபது, முப்பது, எண்பது வரை ஒழுங்காக வந்த தமிழ் அங்கே தொண்ணூறு என்று மாறுகிறது. காதில் "நூறு" விழுவதால் தொண்ணூற்று மூன்றை மூன்று இலக்கமாக எழுதுகிற பிள்ளைகள் உண்டு. 90 முதல் 99 வரை உள்ள கட்டங்களுக்கு மட்டும் வேறு நிறம் அடித்து, அங்கே காய் வந்தால் எண்ணைப் படித்துவிட்டு "ஒன்பது பத்து, மூன்று" என்று பிரித்தும் சொல்ல வையுங்கள்.

ஒரு பகடையே போதும் அவனுக்கு. இரண்டு கொடுத்தால் கூட்டுவதிலேயே கவனம் போய், கட்டத்தில் இருக்கும் எண்ணைப் படிப்பதை விட்டுவிடுவான்.


கேள்வி கேட்டவர்: மூணாங்கிளாஸ்_அம்மா

சார்ட் அட்டை வாங்கிவிட்டேன். ஒட்டுப் பகடையில் 6-ம் 9-ம் கோடு போட்டும் குழம்புகிறது, வேறு வழி உண்டா?


பதில் 6: கட்டமும்_பகடையும்

எண்ணுக்குப் பதில் "ஆறு", "ஒன்பது" என்று எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். அந்த இரண்டு பக்கம் மட்டும் போதும்.